சாரல் தின்ற ஃபோம்: பழைய சப்வூஃபரைச் சரி செய்வதா, மாற்றுவதா?

போன ஆடி மாதம் எங்கள் செங்கோட்டை வீட்டு சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, இரும ஆரம்பித்தது. தவில் அடி விழும் இடத்தில் "தொம்" என்று வர வேண்டிய சத்தம், கிழிந்த முறத்தைத் தட்டுவது மாதிரி படபடவென்று வந்தது. 2006-ல் மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த பெட்டி அது. பத்து அங்குல ஸ்பீக்கர், முதுகிலேயே ஆம்ப்ளிஃபையர். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

முன்பக்கத் துணி வலையைக் கழற்றிவிட்டு, ஒலி எழுப்ப முன்னும் பின்னும் ஆடும் கூம்பான கோனின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் தொட்டேன். தொட்ட இடம் அப்படியே விரலோடு வந்துவிட்டது. கறுப்பாக, பிசுபிசுவென்று, நனைந்த அடுப்புக்கரி போல. ஒரு பக்கத்தில் நாலு விரற்கடை நீளத்துக்கு வளையமே இல்லை. ஆனால் கோனில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

சப்வூஃபர் மொத்தமாகப் பழசாவதில்லை. ஒரே பெட்டிக்குள் வளையம், காயில் (கோனை ஆட்டும் செம்புக் கம்பிச் சுருள்), ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டி ஆகிய நான்கும் நான்கு வேகத்தில் வயதாகின்றன. எது போயிருக்கிறது என்று தெரிந்தால் சரி செய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அது தெரியாமல் முடிவெடுத்தால், ஒரு ஃபோம் வளையத்துக்காக நல்ல காந்தத்தையும் நல்ல காயிலையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவோம்.

முதலில் அந்த வளையத்துக்கு என்ன வேலை என்று பார்ப்போம். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 20 அதிர்வு) 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் அடிமட்டத்து 20 முதல் 120 வரை வீட்டு சப்வூஃபரின் பொறுப்பு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே எட்டரை மீட்டர் நீளம், எங்கள் கூடத்தைவிடப் பெரியது. இவ்வளவு நீளமான அலையை எழுப்பக் காற்றை மொத்தமாகத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 30 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் தேவை. இந்த ஆட்டம் முழுவதையும் ஒவ்வொரு நொடியும் பல பத்து முறை மடங்கி நிமிர்ந்து தாங்குவது அந்த வளையம்தான். கோனின் முன்னால் இருக்கும் காற்றும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் கலக்காமல் அடைத்து வைப்பதும் அதுவே. கிழிந்துவிட்டால், முன்னால் தள்ளிய காற்று ஓட்டை வழியே பின்னால் ஓடிவிடும். தாழ்ந்த ஒலி மெலியும். ஓட்டை வழியே போகும் காற்று படபடக்கும். எங்கள் வீட்டு இருமல் அதுதான்.

சரி, ஃபோம் ஏன் கரைந்தது? இந்த ஊரில் இருப்பவர்களுக்குப் பாதி பதில் ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் மேல்தான் இறங்குகிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சாரலை ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கோ காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது, டப்பாவில் உப்பு நீர்விடும். ஸ்பீக்கர் ஃபோம் பெரும்பாலும் பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகையில் ஒரு பலவீனம் உண்டு. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கண்ணிகளாக இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றில் இருக்கும் ஈரமே வெட்டிவிடும். வெட்டுப்படும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமிலத்தை விட்டுச் செல்கிறது; அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்த ஃபோம் ஒரே பருவத்தில் பொடியாகிவிடுகிறது. கல்யாணத்துக்கு வாங்கி, பத்திரமாக டப்பாவில் வைத்திருந்த ஷூவை எட்டு வருடம் கழித்து எடுத்துப் போட்டால் நாலு அடியில் அடிப்பாகம் உதிர்ந்து விழுமே, அதுவும் இதே விஷயம்தான். பயன்படுத்தாமல் வைத்தாலும் ஈரம் தன் வேலையைச் செய்யும்.

ஆகவே மேற்கு மலையடிவாரத்தில், செங்கோட்டை, புளியரை, கம்பம், கூடலூர் பக்கம் இருப்பவர்கள் ஃபோம் போனதைப் பெட்டியின் மரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டயர் தேய்ந்த மாதிரிதான் இது.

அடுத்து காயில். இதற்கு விரல் போதும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கோனின் நடுவைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விட வேண்டும். சத்தமே இல்லாமல் பஞ்சு போல் போய் வந்தால் காயில் நேராக இருக்கிறது. மணலைத் தேய்ப்பது போல் "சர்ர்" என்று கேட்டால், காயில் காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. அந்த இடுக்கில் காயிலுக்கு இரு பக்கமும் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. காயில் சூட்டில் நெளிந்திருக்கலாம், உள்ளே துரு விழுந்திருக்கலாம். வளையம் கிழிந்து கோன் ஒரு பக்கம் சாய்ந்ததால் மட்டும் உரசுகிறது என்றால் அது வளையத்தோடு சரியாகிவிடும்.

பிறகு மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் மூன்று, மூன்றரை என்று காட்டும்; 8 ஓம் என்றால் ஐந்தரையிலிருந்து ஏழுக்குள். அது சரியான கணக்கே, காயில் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அறுந்திருக்கிறது. பின்னது ஒரு சால்டரிங் வேலை, அவ்வளவுதான்.

காயில் எரிவதற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியில் ஒலியாக மாறுவது நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மீதி எல்லாம் வெப்பம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். விருந்து, விசேஷம் என்று மணிக்கணக்காக முழுச் சத்தத்தில் ஓடி காயில் 200 டிகிரியைத் தொட்டால், தடை 70 சதவீதம் கூடிவிடும். சத்தம் குறைகிறதே என்று நாம் இன்னும் கூட்டுவோம். அங்கேதான் காயில் கருகும்.

தென்காசியில் ஒரு ரேடியோ கடை அண்ணாச்சியிடம் பெட்டியைக் கொண்டு போனேன். "காந்தம் வலு குறைஞ்சிருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன், பலரும் அப்படிச் சொல்லக் கேட்டதால். அவர் ஸ்குரூ டிரைவரைக் காந்தத்தின் பக்கம் கொண்டு போனார். டக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. "காந்தம் சாகாது தம்பி. கூட இருக்கதுதான் ஒண்ணொண்ணா போகும்" என்றார். அவர் சொன்னது சரி. இந்த ஸ்பீக்கர்களில் இருக்கும் ஃபெரைட் காந்தம் வீட்டு வெப்பநிலையில் பல பத்தாண்டுகளுக்குத் தன் பலத்தை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும். கீழே போட்டு உடைந்தாலோ, இடம் நகர்ந்தாலோ ஒழிய அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆம்ப்ளிஃபையர்தான் நிஜமாகவே யோசிக்க வைக்கும் பகுதி. ஓயாமல் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால், முதலில் பின்னாலிருக்கும் ஆடியோ கேபிளை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குறை கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது. பெட்டி மேல் பழி போட வேண்டாம். கேபிள் இல்லாமலும் ரீங்காரம் தொடர்ந்தால் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் ரெக்டிஃபையர் அதை நொடிக்கு 100 துடிப்பாக்கும். அந்தத் துடிப்பை மட்டமாக்குவது கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் வற்றினால் துடிப்பு அப்படியே ஒலியில் கசியும். தலை உப்பிய கெப்பாசிட்டரைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அது வற்றும் வேகத்துக்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், பெட்டிக்குள் 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் தாங்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். சுவிட்சை அணைக்காமல் எப்போதும் அதே சூட்டிலேயே விட்டுவைத்தால் அது நாலு வருடம்கூட இல்லை. படம் பார்த்து முடித்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பது எவ்வளவு பெரிய வைத்தியம் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பெட்டியைத் திறந்தபோது அண்ணாச்சி இன்னொன்றைக் காட்டினார். பெரிய கெப்பாசிட்டர்கள் ஆடாமல் இருக்க ஆலையில் ஊற்றிய பசை, மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது, கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு மாறியிருந்தது. சில பழைய போர்டுகளில் இந்தப் பசை வெப்பத்தாலும் ஈரத்தாலும் முதிர்ந்து, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, பக்கத்து ஒயர்களை அரித்துவிடும். அவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நான்கு கெப்பாசிட்டர்களை மாற்றினார். இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். பிளக்கை உருவிய பின்னும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். காயில் கருகியிருந்தால், புதுக் காயிலைப் பூட்டுவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரின் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களுக்கு நடுவே டிசி வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. சில வோல்ட் இருந்தால், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, நேர் மின்சாரம் காயிலுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கருக்கியது அதுதான், புதுக் காயிலையும் அது கருக்கும்.

காயில் போய்விட்டது, "வேற பத்து இஞ்ச் ஸ்பீக்கர் இருக்கு, மாட்டித் தர்றேன்" என்று கடையில் சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்பீக்கரும் பெட்டியும் ஜோடி. காலி பாட்டில் வாயில் ஊதினால் அதன் கொள்ளளவுக்கு ஏற்ற ஒரே சுரம் வருகிறதல்லவா? காற்று போய்வரக் குழாய் வைத்த சப்வூஃபர் பெட்டியும் அப்படி ஒரு சுரத்துக்குக் கட்டப்பட்டது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் இந்த ஜோடிப் பொருத்தத்தைக் கணக்காக எழுதி வைத்தார்கள். கோனின் எடை, அதன் வளையும் தன்மை, காந்தத்தின் பிடி ஆகியவற்றிலிருந்து எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று சொல்லிவிடலாம். அளவு ஒத்துப்போவதால் மட்டும் வேறு ஸ்பீக்கரை மாட்டினால் ஒரே சுரம் மட்டும் குமுறும், மற்றவை காணாமல் போகும். அதைவிட அதே ஸ்பீக்கருக்குக் காயிலும் கோனும் மாற்றுவது நல்லது.

குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பெட்டியின் குழாய்க்குள் டார்ச் அடித்தால், பாதி வாயை அடைத்துக்கொண்டு காய்ந்த மண்ணில் ஒரு குளவிக்கூடு. அதைத் தட்டி எடுத்த பிறகே பெட்டியின் சுரம் பழைய இடத்துக்கு வந்தது.

எப்போது மாற்றலாம்? மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டி ஈரத்தில் ஊறி, ஓரம் பிஸ்கட் போல உப்பிப் பொருந்தாமல் போய்விட்டால் மாற்றிவிடுங்கள். அப்படி உப்பிக் காற்று கசியும் பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது கடினம். இடி விழுந்து, பொடிப் பொடி உதிரிகள் நிறைந்த டிஜிட்டல் போர்டு மொத்தமாகக் கருகி, மாற்றுப் போர்டும் கிடைக்காவிட்டால் அதுவும் மாற்ற வேண்டிய கட்டம்தான். வெளியே தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம். ஆனால் பழைய போர்டில் மேல் ஒலிகளை வடிகட்டும் சுற்றும், கோன் அளவுக்கு மீறிப் பாயாமல் தடுக்கும் பாதுகாப்பும் இருந்திருக்கும். அவற்றையும் சேர்த்துச் செய்து தருகிறவர் கிடைத்தால் மட்டுமே அது லாபம். காயில், போர்டு இரண்டும் ஒன்றாகப் போன சிறிய மலிவுப் பெட்டிக்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

மற்றபடி புதியது என்பதாலேயே மேலானது என்று எண்ண வேண்டாம். டிவியும் ரிசீவரும் இணைப்பு முறை மாறி மாறிப் பழசாகின்றன. சப்வூஃபருக்கு வருவதோ அன்றும் இன்றும் பெரும்பாலும் அதே ஒற்றை ஆர்சிஏ ஆடியோ கேபிள். இயற்பியலும் தள்ளுபடி தருவதில்லை. சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த மின்சக்தி என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரே நேரத்தில் வாங்க முடியும். இப்போது சவுண்ட்பாரோடு வருகிற ஆறரை அங்குலப் பெட்டியைவிடப் பழைய பத்து அங்குலக் கோனின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஆழத்துக்குச் சின்னக் கோன் அவ்வளவு அதிகம் பாய வேண்டும்.

நாங்கள் வளையம் மாற்றினோம். மீண்டும் ஃபோம் வேண்டாம், ரப்பர் போடுங்கள் என்று கேட்டேன். ரப்பர் கொஞ்சம் கனம், கொஞ்சம் விறைப்பு. சத்தம் ஒரு நூல் குறையலாம். சப்வூஃபரில் அது பெரிய நஷ்டமில்லை, சாரலுக்கு அது அசையாது. அண்ணாச்சி பழைய ஃபோமைப் பிளேடால் சுரண்டி, நடுவில் இருந்த குமிழ் மூடியை வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய நான்கு கீற்றுகளைச் செருகினார். காயிலை நட்டநடுவில் நிறுத்துவதற்கு அது. பிறகு வளையத்தைக் கோனில் ஒட்டி, அப்புறம் இரும்புச் சட்டத்தில் ஒட்டி, "ஈரக் காலம், ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்று ஓரமாக வைத்தார்.

மூன்றாம் நாள் கீற்றுகளை உருவிவிட்டுக் கோனை விரலால் அழுத்தினார். நான் காதைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு உரசல் இல்லை. பெட்டியில் பூட்டும்போது, இத்தனை வருடம் கீழே இருந்த பக்கம் மேலே வரும்படி ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். சொந்த எடையில் கோன் கீழே தொய்ந்திருந்தால் இனி மறுபக்கம் தொய்ந்து நேராகுமாம். குழாய் வாயில் குளவி நுழையாதபடி அகலக் கண்ணி வலை ஒன்றை நான் வீட்டில் ஒட்டிக்கொண்டேன்.