தொலைநிலை வைப்பா, படவழிச் செலுத்தலா?

'தொலைநிலை வைப்புப் பிடிப்பு.' ரிமோட் டெபாசிட் கேப்சர் என்ற வங்கிச் சொல்லுக்கு இப்படியொரு தமிழாக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல், வரிசைகூட மாறவில்லை. ஆனால் இதைப் படிக்கும் ஒருவருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் விளங்காது.

செய்வது எளிய வேலைதான். கைக்கு வந்த காகிதக் காசோலையின் பின்பக்கம் கையெழுத்திட்டு, முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்து, வங்கிச் செயலி வழியாக அனுப்புகிறோம். பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்குப் போய்ச் சேர்வது அந்தப் படம். தாள் நம்மிடமே இருக்கிறது. அமெரிக்காவில் இது பரவியதற்கு 2001 செப்டம்பர் 11 தாக்குதலும் ஒரு காரணம். விமானங்கள் தரையில் நின்ற நாட்களில், விமானத்தில் போக வேண்டிய காசோலை மூட்டைகளும் நின்றுபோயின. 2003 அக்டோபரில் கையெழுத்தாகி, 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த 'செக் 21' சட்டம், காசோலைப் படத்திலிருந்து அச்சிட்ட மாற்றுத் தாளுக்கு மூலக் காசோலையின் மதிப்பைத் தந்தது. 2006இல் யுஎஸ்ஏஏ வங்கி வீட்டு ஸ்கேனர் வழியாகவும், 2009இல் கைப்பேசி வழியாகவும் காசோலைகளை ஏற்றது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெபாசிட் லத்தீனிலிருந்து வந்தது. 'கீழே வைத்தது' என்பது மூலப்பொருள். காசோலை என்பது காசும் ஓலையும் சேர்ந்த நல்ல தமிழ்க் கூட்டு. சோழர் ஆட்சியில் அரசாணை எழுதிய அலுவலருக்கே 'திருமந்திர ஓலை' என்று பெயர். எழுத்தால் ஆணையிடுவதை ஓலை என்று சொல்லிப் பழகிய மொழிக்குக் காசோலை இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

இனி வைப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் டெபாசிட் இரண்டு வேலை பார்க்கிறது. கணக்கில் போடுவதும் டெபாசிட், வட்டிக்காக விட்டு வைப்பதும் டெபாசிட். தமிழ் இந்த இரண்டையும் எப்போதோ பிரித்துவிட்டது. வட்டிக்கு விடுவது வைப்பு: வைப்புத்தொகை, வைப்புநிதி, நிலை வைப்பு. கணக்கில் சேர்ப்பது செலுத்துதல். பேச்சில் 'செக் போட்டாச்சா?' என்றும் 'பணம் கட்டியாச்சா?' என்றும் கேட்கிறோம். எழுத்தில் 'பணம் செலுத்தும் படிவம்' என்கிறோம். ஆங்கிலம் மங்கலாக விட்ட இடத்தில் தமிழ் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவை மொழிபெயர்ப்பாளரே அழிப்பதுதான் என் மனக்குறை.

அதோடு முடியவில்லை. 'தொலைநிலை வைப்பு' என்பதைப் படிக்கும் கண் எங்கே பிரிக்கும்? 'நிலை வைப்பு' ஏற்கெனவே பழகிய சொல். ஆகவே தொலைவிலிருந்து தொடங்கும் நிலை வைப்பு என்றுதான் முதலில் படும். காசோலையை உடனே பணமாக்க வந்தவர், பணத்தைப் பல மாதம் முடக்கும் திட்டமோ என்று தயங்குவார். 'தொலை' என்பதோடு எனக்குச் சண்டையில்லை. தொலைபேசியும் தொலைக்காட்சியும் நிலைத்துவிட்ட மொழி இது. அதன் வாலில் தேவையில்லாமல் தொங்கும் 'நிலை'தான் குழப்புகிறது.

'பிடிப்பு' இன்னும் மோசம். பணத்தோடு சேர்ந்தால் தமிழில் பிடிப்பது என்றால் கழிப்பது. சம்பளப் பிடித்தம், வரிப் பிடித்தம், 'அம்பது ரூபாய் பிடிச்சிட்டான்'. வைப்புப் பிடிப்பு என்றால், செலுத்திய தொகையில் வங்கி எதையோ கழிக்கப் போகிறது என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியுமா? கேப்சர் இங்கே காசோலையின் உருவத்தையும் விவரத்தையும் பதிவாக எடுப்பதைக் குறிக்கிறது. 'படமெடு' என்ற சொல்லைக் குழந்தையும் அறியும். அதை விட்டுவிட்டுப் பொத்தானில் 'பிடி' என்றும் 'கைப்பற்று' என்றும் எழுதுகிறார்கள்.

இதற்கு மாற்றாகச் சிலர் 'காசோலைப் பதிவேற்றம்' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் தப்பு. பதிவேறுவது படம். காசோலை இன்னும் கையில் இருக்கிறது, அதை இன்னொரு வங்கியில் மறுபடி நீட்டவும் முடியும். இந்த இரட்டைச் செலுத்தல் வெறும் கற்பனை இல்லை. 2018 ஜூலை முதல் அமெரிக்க மைய வங்கியின் விதி, தாளைப் பின்னர் ஏற்று ஏமாந்த வங்கிக்கு, படத்தை ஏற்ற வங்கி ஈடு செய்ய வேண்டும் என்கிறது. தாளில் 'கைப்பேசிச் செலுத்தலுக்கு மட்டும்' போன்ற குறிப்பு இருந்தும் அதை ஏற்ற வங்கி அந்த ஈட்டைக் கேட்க முடியாது. வங்கிகள் அந்த வரியை எழுதச் சொல்வது இதனால்தான். படம் வேறு, தாள் வேறு என்ற இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்ட வேண்டும்.

ஆகவே 'படவழிச் செலுத்தல்' என்பதே பொருத்தம் என்பேன். வான்வழி, இணையவழி போலப் படவழி. இணையவழிச் செலுத்தல் என்று சொல்லலாமே என்றால், அது காசோலையே இல்லாத பணப்பரிமாற்றத்தையும் குறித்துவிடும். முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'காசோலையைப் படவழியாகச் செலுத்துதல்'.

பக்கத்திலேயே இன்னொரு விபத்தும் நடந்திருக்கிறது. செக் ட்ரங்கேஷன் என்பதைக் 'காசோலை துண்டிப்பு' ஆக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் 2008இல் புது தில்லியில் தொடங்கிய முறை அது. அங்கே காசோலையை யாரும் துண்டிப்பதில்லை. தாளின் பயணம் வழியிலேயே நின்று, அதற்கு மேல் படம் மட்டும் போகிறது. 'தாள்நிறுத்த முறை' என்றால் போதும். காசோலையைத் துண்டிப்பார்கள் என்று படித்தவர் எந்த நம்பிக்கையில் அதைக் கொடுப்பார்?

திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பதால் வரும் கேடு இது. பின்பக்கம் கையெழுத்திடச் சொல்லும் 'எண்டார்ஸ்' வந்தால் 'ஆதரவு தெரிவி', செலுத்திய பணத்தை வங்கி சில நாள் நிறுத்தி வைப்பதைச் சொல்லும் 'ஹோல்டு' வந்தால் 'பிடித்து வை'. பணத்தைக் கையாளும் இடத்தில் இப்படி எழுதினால், படிப்பவர் தமிழை விட்டு ஆங்கிலப் பக்கத்துக்கே போய்விடுகிறார். பிறகு தமிழில் யாரும் படிப்பதில்லை என்று அதையே காரணமாகக் காட்டுகிறார்கள். அந்தத் திரையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: 'காசோலையின் பின்பக்கம் கையெழுத்திடுங்கள். இரு பக்கமும் படமெடுங்கள். தொகையைச் சரிபார்த்துச் செலுத்துங்கள். பணம் கணக்கில் சேரும்வரை தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறெங்கும் செலுத்த வேண்டாம்.'