சாமிக்குப் போலீஸ் வேலை கொடுக்காதீர்கள்

மே மாதம், ஸ்கூல் அட்மிஷன் நேரம். பிள்ளையின் பிரச்சினையைப் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் சில பெற்றோர் இதைக் கேட்பார்கள்: "கிறிஸ்டியன் ஸ்கூல்ல சேத்தா பிள்ளைய மாத்திருவாகளா மேடம்?" இன்னொரு பக்கம், "அங்க தெனமும் ஸ்லோகம் சொல்லச் சொல்றாக, எங்க பிள்ளை சொல்லலாமா?" என்று தயங்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் பெற்றோர். மதுரையில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இரண்டு கேள்வியும் பழகிப்போனவை. ஸ்கூல் மாறியதால் மதம் மாறிய பிள்ளை யாரும் இதுவரை என் அறைக்கு வந்ததில்லை. சாமிக்குப் பயந்து தூக்கம் கெட்ட பிள்ளைகள் வருகிறார்கள், எல்லா மதத்திலிருந்தும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாலாம் வகுப்பு. காலையில் கிளம்பும்போது பூஜை அறைப் படியைத் தொட்டுக் கும்பிடுவான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவந்து மறுபடி கும்பிடுவான். மனசு ஒட்டாமல் கும்பிட்டோமோ என்று தோன்றினால் இன்னொரு தடவை. வேன்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார். வகுப்பில் பாடம் நடக்கும்போது, நெற்றித் திருநீறு அழிந்துவிட்டதா என்று எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில் முகம் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"பயபக்தியா இருக்கான்னு வீட்டுல எல்லாரும் மெச்சிக்கிட்டுத்தான் இருந்தோம் மேடம்" என்றார் அம்மா.

பையன் வாயைத் திறக்க நாளாயிற்று. அவன் திருநீறு பூசாமல் ஸ்கூலுக்குப் போன ஒரு நாளில் அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதே வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர், "நீங்க தப்பு செஞ்சா சாமி உங்க வீட்டுல உள்ளவங்களைத்தான் தண்டிக்கும்" என்று பேசியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் பேசியிருப்பார். இவன் இரண்டையும் கூட்டிக் கணக்கை முடித்துவிட்டான்: அப்பத்தா படுத்ததற்குக் காரணம் நான்.

சிறு பிள்ளைகள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்பதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-லேயே எழுதிவைத்தார். ஆப்பிள் திருடிய பையன் ஓடும்போது பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் வந்திருந்தால் விழுந்திருப்பானா என்று பிள்ளைகளிடம் கேட்டார். ஆறேழு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். தப்பு நடந்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. வயது ஏற ஏறத்தான் இது தளரும். பல பிள்ளைகளுக்கு ஏழு வயதைத் தாண்டியும் விடாது. ஏற்கெனவே பதற்ற சுபாவம் உள்ள பிள்ளையாக இருந்தால் ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வளரும். நோய்க்கு மதம் காரணம் என்று நான் சொல்லவில்லை. மதம் இல்லாத வீட்டில் இதே நோய் கை கழுவுவதாகவோ பூட்டை இழுத்துப் பார்ப்பதாகவோ வரும். ஆனால் கை கழுவினால் வீட்டில் கவலைப்படுவார்கள், கும்பிட்டால் மெச்சுவார்கள். சிகிச்சைக்கு வருவது அதனாலேயே தள்ளிப்போகிறது.

ஆகவே பள்ளியில் மதம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பேன். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் புழங்குகிற வசனம். நானும் கேட்டு வளர்ந்தவள்தான். வீட்டில் அப்பத்தா சொன்னால் மறு நிமிஷமே மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். பயம் அங்கேயே கரைந்துவிடும். மைக்கில் ஐந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லப்படும்போது தூக்கி வைத்துக்கொள்ள யாரும் இல்லை. 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒருவர் ஆன்மிகச் சொற்பொழிவு என்று வந்து, ஊனத்துக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்கிற மாதிரிப் பேசியதும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே தட்டிக்கேட்டதும் நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ, அப்படி ஒரு தம்பி தங்கை உள்ள பிள்ளையோ இருந்திருந்தால் அன்றிரவு என்ன நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்? பேச்சாளரைக் கைது செய்ததோடு செய்தி முடிந்துவிட்டது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது, பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு உதவி பெறும் பள்ளியிலும், அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியிலும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வகுப்பிலோ வழிபாட்டிலோ கட்டாயமாக உட்காரவைக்க முடியாது. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற கேரளத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் சொன்னது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதே நீதிமன்றம் 2002-இல், மதங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லித்தருவதற்குத் தடையில்லை என்றும் தீர்ப்பளித்தது.

அந்தப் பாடம் நமக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. மதங்களைப் பற்றித் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு மதுரை பாதி ஊர்தான். கீழக்குயில்குடியில் அடிவாரத்தில் அய்யனார் கோயில், மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பம். ஒரே மலையில் இரண்டும் எப்படி வந்தன என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியைக் கட்டிய கிறிஸ்தவ மிஷனரிகள் இங்கே எதற்கு வந்தார்கள்? மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை தலித்துகளும் நாடார்களும் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? காந்தியவாதி வைத்தியநாத ஐயர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று ஒரு மதிப்பெண் பதிலாக எழுதுவதோடு நிறுத்தாமல், யார் தடுத்தார்கள், என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பது வரை பேசலாம். பயப்படாத பிள்ளைதான் இப்படிக் கேள்வி கேட்கும்.

பல பள்ளிகளில் நடப்பது வேறு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ் என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து போகும். சட்டப்படி சரிதான். ஆனால் நோன்பு வைத்திருக்கும் பெஞ்ச் தோழி ஏன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கடைசிவரை யாரும் சொல்லித்தருவதில்லை. பகுத்தறிவு பேசும் சில வீடுகளும் இதில் சேர்த்திதான். மாலை போட்டிருக்கும் நண்பனைக் கிண்டல் செய்யப் பழகிய பிள்ளை, அப்பாவுக்குத் தெரியாமல் பரீட்சைக்கு முன் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு வந்து உட்காரும்.

கையில் கட்டும் கயிறு தனிக் கதை. கோயில் கயிறு என்று கட்டிவருவதில் எத்தனை சாதிக் கயிறு என்பது தென்மாவட்ட ஆசிரியர்களுக்குத் தெரியும். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி மூன்றையும் பள்ளியில் தடுக்கலாம் என்று, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது. திருநீறு வரைக்கும் போனது கூடுதல் என்று நினைக்கிறேன். கயிற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை, கழற்றிவிட வேண்டியதுதான்.

பள்ளியில் சேர்க்கும்போது, வழிபாட்டில் என் பிள்ளை சும்மா நிற்கலாமா, அந்த நேரத்தில் எங்கே இருப்பான், வெளியிலிருந்து பேச வருபவர்களை யார் முடிவு செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வராந்தாவில் தனியாக நிற்கவைப்போம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு அது தண்டனை மாதிரித்தான் தெரியும்.

கும்பிடுவதோ ஜெபமோ ஓதுவதோ ஒரே மூச்சில் முடியாமல் திரும்பத் திரும்ப நடந்தால், தடுத்ததும் பிள்ளை அழுதால், ஸ்கூலுக்கு நேரமானால், மனநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வருவதற்கு முன் ஒரு வாரம், எந்த நேரம், எத்தனை தடவை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் வீடியோ மட்டும் எடுக்க வேண்டாம்.