சாபி சாண்டில் சிறுத்தை ஏன் ஓடி ஒளிவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை மேற்கே ஒட்டி, சுமார் 650 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது சாபி சாண்ட் காப்பகம். இரண்டுக்கும் இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டதால் விலங்குகள் தடையின்றிப் போய்வருகின்றன. கூரையில்லாத வண்டியில் பத்துப் பேர் அமர்ந்திருக்க, சில மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு ஒரு சிறுத்தை தன் முன்னங்காலை நிதானமாக நக்கிக்கொண்டிருப்பது இங்கே வழக்கமான காட்சி. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் இறங்கி நடந்தால் அதே சிறுத்தை நொடியில் புதருக்குள் மறைந்துவிடும், அல்லது சீறி எச்சரிக்கும். (சீட்டா எனப்படும் சிவிங்கியையும் சிறுத்தை என்றே எழுதும் பழக்கம் நம் நாளிதழ்களில் உண்டு, இங்கே பேசப்படுவது மரமேறும், உடலெங்கும் வளையப் புள்ளிகள் கொண்ட சிறுத்தை.)

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், நடத்தையியலார் பழக்கமாதல் என்று குறிப்பிடும் எளிய கற்றல் முறை. ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப நேர்ந்து, அதனால் நன்மையோ தீமையோ விளையாதபோது, மூளை அதற்குத் துலங்குவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது; தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் நள்ளிரவு ரயிலுக்கு விழித்துக்கொள்ளாதது இப்படித்தான். 1970களின் இறுதியில் இக்காப்பகத்தின் ஒரு பகுதியில் பெண் சிறுத்தை ஒன்று வண்டிகளைச் சகித்துக்கொள்ளத் தொடங்கியது. தாய் ஓடாததைப் பார்த்து வளர்ந்த குட்டிகளும் ஓடவில்லை. இன்று அங்கு பிறக்கும் சிறுத்தைக்கு எஞ்சின் ஓசையும் டீசல் வாடையும் யானையின் நடமாட்டம் போலவே காட்டின் ஓர் அங்கம்.

இதைப் பலர் வளர்ப்புப் பழக்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தீனி போட்டிருந்தால் அது மனிதரை நாடி வரும் விலங்காகியிருக்கும், அது ஆபத்து. இங்கே வண்டி இரையுமல்ல, எதிரியுமல்ல, உணவு தருவதுமல்ல. எழுந்து நிற்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது என்று வழிகாட்டிகள் கண்டிப்பது வெறும் சம்பிரதாயமன்று. வண்டியின் பழகிய உருவக்கோட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு மனித உருவம் எழுந்தால், விலங்கின் முன் இருப்பது அது பழகிய பொருளே அல்ல.

ஆனால் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காகவே வண்டியின் முன்முனையில், பானெட்டுக்கு மேல் பொருத்திய இருக்கையில் தடம் பார்ப்பவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் இம்மண்ணின் ஷாங்கான் மக்களைச் சேர்ந்தவர். மணல் பாதையில் நகக்குறி இல்லாத நான்கு விரல்களும், பின்விளிம்பில் மூன்று மடிப்புள்ள உள்ளங்கால் பதிவும் தெரிந்தால் அது பூனை இனம். அளவு சிங்கத்தினுடையதைவிடச் சிறியதென்றால் சிறுத்தையாக இருக்கலாம். அடுத்து, எப்போது நடந்தது? இரவுப் பூச்சிகள் ஊர்ந்த மெல்லிய கோடுகள் தடத்தின் மேல் சென்றிருந்தால் சிறுத்தை அவற்றுக்கு முன்பே போய்விட்டது. தடம் அந்தக் கோடுகளை அழித்திருந்தால் விடியலில்தான் கடந்திருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தின் உச்சமே சிறுத்தையைக் காணும் கணம் அன்று, இந்த மணல் வாசிப்புதான்.

தடம் புல்வெளியில் மறைந்ததும் காது வேலை செய்யத் தொடங்கும். இம்பாலா மான்கள் மூக்கால் சீறி, எல்லாம் ஒரே திசையை வெறித்து நின்றால் அந்தத் திசையில் கவனம் போகும். வெர்வெட் குரங்குகளின் குரல் இன்னும் துல்லியமானது: சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என அவை வெவ்வேறு ஒலிகள் எழுப்புவதைக் கென்யாவின் அம்போசெலியில் நடந்து 1980இல் வெளியான ஆய்வு காட்டியது. பதுங்கிப் பாயும் சிறுத்தைக்கு, தன்னை இரை பார்த்துவிட்ட பிறகு வேட்டையில் பயனில்லை. பெரும்பாலும் எழுந்து நடந்துவிடும்.

வேட்டை கைகூடினாலும் கழுதைப்புலிகள் விடுவதில்லை. அதனால்தான் சுமார் 40 கிலோ எடையுள்ள பெண் சிறுத்தை, தன் எடைக்கு ஈடான இம்பாலாவைக் கவ்விக்கொண்டு மரூலா மரத்தின் கவட்டுக்கு ஏறுகிறது. இங்கே 2,000க்கும் மேற்பட்ட வேட்டைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஏறக்குறைய பாதி இரைகளைச் சிறுத்தைகள் மரத்துக்கு ஏற்றின. அப்படியும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிற விலங்குகளிடம் பறிகொடுத்தன. இரை கிளையில் தொங்கும்வரை சிறுத்தை பெரும்பாலும் அருகிலேயே இருக்கும் என்பதால், மாலையில் பார்த்த மரத்துக்கே வழிகாட்டி காலையிலும் வண்டியை விடுவார்.

இத்தகைய ஆய்வுகளுக்கான தரவில் பெரும்பகுதி வழிகாட்டிகளின் குறிப்பேடுகளிலிருந்து வந்ததே. மீசை முடிகளின் மேல்வரிசைக்கு மேலே உள்ள புள்ளிகளை இரு கன்னங்களிலும் எண்ணி, ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டு சிறுத்தைகளுக்கு ஒரே எண்ணிக்கை அமைந்தால் நெற்றிப் புள்ளிகளை ஒப்பிடுவார்கள். காதுக் கிழிசல் அடுத்த சண்டையில் மாறிவிடும். புள்ளிகளின் அமைப்பு மாறாது. ஆகவே குட்டியாக இருந்தபோது எடுத்த படத்தையும் பத்தாண்டு கழித்து எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே சிறுத்தைதானா என்று சொல்லிவிட முடிகிறது.