குண்டை எடுத்துவிட்டீர்களா, டாக்டர்?

தலையில் குண்டு பாய்ந்தவருக்கு அறுவை முடித்து வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "இல்லை, உள்ளேதான் இருக்கிறது" என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உள்ளே தங்கிய ஈயத்துண்டு அல்ல, இரத்தக்கசிவும் வீக்கமும்தான். மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மூளை வீங்கினால் விரிய இடமில்லை. சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கிவிடும்.

பெண் கல்விக்காகக் குரல் கொடுத்த பாகிஸ்தான் சிறுமி மலாலாவை நினைத்துப் பாருங்கள். 2012 அக்டோபர் 9 அன்று ஸ்வாத் பள்ளத்தாக்கில் சுடப்பட்டபோது குண்டு அவருடைய மூளைக்குள் நுழையவே இல்லை. இடது கண்ணருகே புகுந்து தோலுக்கு அடியிலேயே தோள் வரை ஓடியது. ஆனாலும் மூளை வீங்கியது. பெஷாவரில் ராணுவ மருத்துவர்கள் மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி வீக்கத்துக்கு வழிவிட்டார்கள். அந்த எலும்பை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்கள். 2013 பிப்ரவரியில் பர்மிங்காமில் அந்த இடத்தில் டைட்டேனியம் தகடு பொருத்தப்பட்டது. சாலை விபத்தில் மூளை வீங்கியவர்களுக்கு நம் ஊரில் செய்வதும் இதே அறுவைதான்.

முதல் உலகப் போரில் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், காயத்துக்குள் கிடந்த எலும்புச் சில்லுகளையும் உலோகத் துணுக்குகளையும் தேடித்தேடி எடுத்தார். இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பல பத்தாண்டுகள் அதுவே விதியாக இருந்தது. 1980களில் லெபனான் போரில் காயமுற்றவர்களைக் கவனித்தபோது, ஆழத்தில் விட்டுவைத்த துணுக்குகளால் தொற்று பெரிதாகக் கூடவில்லை என்பது தெரிந்தது. மூளையைச் சூழ்ந்த நீர் காயத்தின் வழியே கசிந்தவர்களுக்கே தொற்று மிகுந்தது. ஆகவே இன்று கைக்கெட்டும் அழுக்கையும் செத்த திசுவையும் நீக்கி, இரத்தக்கட்டியை எடுத்து, மூளையின் உறையை நீர் கசியாதபடி மூடுகிறோம். ஆழத்துக் குண்டைத் துழாவினால் நல்ல மூளையும் சிதையும்.

குண்டு மூளையின் இரு பக்கத்தையும் கடந்து, நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில், கண்மணிகள் இரண்டும் வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தால் அறுவையால் பெரும்பாலும் பயன் இராது. அதைக் குடும்பத்திடம் சொல்வதுதான் என் தொழிலில் மிகக் கடினமான வேலை.

தலைக்காயம் எதுவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். உடைந்த எலும்பை அழுத்த வேண்டாம். தண்ணீர் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு நினைவு தப்பியது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.