‘எலுமிச்சை அனுபவம்’ என்று ஒரு பொருள் இல்லை: ஜெஸ்ட் என்னும் சொல்லுக்குத் தமிழ்

அடுப்பும் அவனும் (ஓவன்) இல்லாமல் வீட்டிலேயே பிடித்து வைக்கும் புரத உருண்டைகளுக்கான செய்முறைகள் இப்போது தமிழில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பேரீச்சம்பழம், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், புரதப் பொடி என்று தேவையான பொருள்களின் பட்டியல் ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. நான்காவது அல்லது ஐந்தாவது வரிக்கு வரும்போது ‘ஒரு எலுமிச்சையின் அனுபவம்’ என்று இருக்கிறது. வேறு சில இடங்களில் ‘எலுமிச்சை ஆர்வம், 1 தேக்கரண்டி’. ஆரஞ்சு உருண்டைக்கான செய்முறை ஒன்று, ‘ஆரஞ்சின் உற்சாகத்தை மாவுடன் கலக்கவும்’ என்றே சொல்கிறது. பழத்தோலின் மேலடுக்கைச் சீவியோ துருவியோ எடுப்பதை ஆங்கிலத்தில் ஜெஸ்ட் (zest) என்பர்; அச்சொல்லின் மொழிபெயர்ப்புகளே இவை. இவற்றை எழுதியது பொறியா மனிதரா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒருவராவது வாசித்துப் பார்த்த பின்பே இவை வெளியாகியிருக்க வேண்டும் என்பதும், அந்த ஒருவருக்கு எலுமிச்சையின் அனுபவத்தைத் தேக்கரண்டியால் அளப்பதில் ஐயமே எழவில்லை என்பதும்தான் என்னை எழுதத் தூண்டின.

ஜெஸ்ட் என்பது பிரெஞ்சு மொழியின் ‘ஸெஸ்த்’ என்னும் சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரு மொழிகளிலும் முதற்பொருள் ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலே. பானத்திலோ உணவிலோ அந்தத் தோலைச் சிறிது சேர்த்தால் சுவை எடுப்பாகும் என்பதால், சுவையைக் கூட்டும் எதையும் அச்சொல் குறிக்கலாயிற்று. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மனத்தின் ஊக்கத்தையும் ஈடுபாட்டையும் சொல்வதற்கு அது பழகிவிட்டது. சமையலறையில் பிறந்து மனத்துக்குப் போன சொல் என்பது தெரிந்தால் வரலாறு போதும்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவன ஆர்வம், ஊக்கம், சுவை நுகர்வு போன்ற பொருள்களே. நுகர்ந்து மகிழ்வதைத் தமிழில் அனுபவித்தல் என்றும் சொல்வதால், அந்த வழியாகத்தான் ‘அனுபவம்’ உள்ளே புகுந்திருக்க வேண்டும். பட்டியலில் அதன் மேல் வரியில் ஓட்ஸும் கீழ் வரியில் தேனும் இருக்கும்போது, நடுவில் ஒரு மனநிலை எப்படி வந்து உட்காரும் என்று கேட்டுக்கொள்ளாததே இங்கு நேர்ந்த பிழை. அகராதியைக் குறை சொல்வதில் பயனில்லை.

சரியான சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். எலுமிச்சை இனப் பழங்களின் தோல் ஒரே அடுக்கு அன்று. வெளியே இருப்பது மஞ்சள், பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் உள்ள மெல்லிய அடுக்கு. தாவரவியலார் அதை ஃபிளாவீடோ என்பர். கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகளாக அதில் நிறைந்திருப்பவை எண்ணெய்ப் பைகள். பழத்தின் மணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனீன் என்னும் ஒரே சேர்மம். எலுமிச்சைக்கு அதன் தனி மணத்தைத் தருவது அதனுடன் சிறிதளவே கலந்துள்ள சிட்ரல். இந்த அடுக்குக்கு உள்ளே பஞ்சு போன்ற வெள்ளை அடுக்கு இருக்கிறது. அதற்கு ஆல்பீடோ என்று பெயர். ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் மிகுந்தது, மணம் இல்லாதது, கசப்பது. ஜெஸ்ட் என்று சமையலில் சொல்லப்படுவது முதல் அடுக்கு மட்டுமே. இரண்டாவது அடுக்கு சிறிதும் வரக்கூடாது என்பது அச்சொல்லின் பொருளிலேயே அடங்கியிருக்கிறது.

இதனால்தான் ‘எலுமிச்சைத் தோல்’ என்னும் மொழிபெயர்ப்பையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘அனுபவம்’ சிரிப்பை வரவழைப்பதால் அதனால் பெரிய கேடு இல்லை. படிப்பவர் பிழையை உணர்ந்து வேறிடம் தேடுவார். ‘தோல்’ சரியானதுபோல் தோன்றுவதால் படிப்பவர் அதை நம்பிச் செய்துவிடுகிறார். ‘ஒரு ஆரஞ்சின் தோல்’ என்று படித்தவர் தோலை உரிப்பார், துண்டாக்குவார், பேரீச்சம்பழத்துடன் மிக்சியில் போட்டு அரைப்பார். வெள்ளை அடுக்கு முழுவதும் உருண்டைக்குள் போய்விடும். கேக்கிலாவது சர்க்கரையும் வெண்ணெயும் ஓரளவு மறைக்கும். மார்மலேட் என்னும் தோல் சேர்த்த ஜாமில் அதே தோலை ஊறவைத்து, நீர் விட்டு நெடுநேரம் வேகவைத்து, நிறையச் சர்க்கரையும் சேர்ப்பதால் கசப்பு அடங்கி விரும்பத்தக்க சுவையாகிறது. அடுப்பில் வைக்காத உருண்டையில் இவற்றில் ஒன்றும் இல்லை. பச்சையாக அரைபட்ட வெள்ளைத் தோல் பச்சையாகவே இருக்கும்; மறுநாள் எடுத்துத் தின்றாலும் கசப்பு அப்படியே இருக்கும். ‘தோலைப் போட்டேன், கசந்துவிட்டது’ என்று சொல்பவர்களிடம் எந்தத் தோலை என்று கேட்டால், தோலில் எத்தனை வகை என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. செய்முறை அவர்களுக்கு ஒரே தோலைத்தான் சொல்லியிருந்தது.

இந்த வகை உருண்டையில் ஜெஸ்ட் ஓர் அலங்காரப் பொருளும் அன்று. புளிப்பும் மணமும் வேண்டுமென்று சாற்றை ஊற்றிக்கொண்டே போனால் கலவை இளகிவிடும். வேகவைக்காததால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை, உருண்டை பிடிக்க வராது. புரதப் பொடியோ ஈரம் கூடினால் பசையாகிப் பல்லில் ஒட்டும். பால் சேர்ப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பாலின் கேசீன் புரதம் பி.எச். (புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவு) 4.6 ஆகும்போது திரண்டுவிடும், எலுமிச்சைச் சாறோ அதைவிட மிகவும் புளித்தது. ஆக, ஈரத்தைக் கூட்டாமல் பழத்தின் மணத்தை உள்ளே கொண்டுவர இருக்கும் ஒரே வழி மேலடுக்கின் எண்ணெய்தான். அது எளிதில் ஆவியாகக் கூடியது என்பதால், அவனில் வைக்கும் பண்டத்தில் ஒரு பகுதி போய்விடும், இங்கே போவதில்லை. இவ்வளவு வேலை செய்யும் பொருளுக்குத்தான் தமிழில் ‘ஆர்வம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சொல்லையே ‘ஜெஸ்ட்’ என்று எழுதிவிட்டால் என்ன என்பவர்கள் இருக்கிறார்கள். கேக்கையும் பிஸ்கட்டையும் அப்படியே ஏற்றுக்கொண்ட நமக்கு இதில் கொள்கைத் தடை எதுவும் இருக்க முடியாது. ஆனால் கேக் கடையில் கேக்கைப் பார்த்துச் சொல்லைக் கற்றோம். ஜெஸ்ட்டை நாம் அப்படிக் கடையில் பார்த்துப் பழகவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவருக்கே அது இருக்கிறது. செய்யத் தெரியாதவருக்கு அந்த எழுத்துகள் எதையும் சொல்லாது. ஒலிபெயர்ப்பில் குறை காணும் தூய்மைவாதியாக நான் இதைச் சொல்லவில்லை. பட்டியலைப் படித்தவுடன் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பதே என் அளவுகோல்.

அதே அளவுகோலால்தான் என் நண்பர் ஒருவர் விடாமல் பரிந்துரைக்கும் ‘நறுந்தோல்’ என்னும் ஆக்கத்தையும் எதிர்க்கிறேன். சொல் அழகானது, ஐயமில்லை. நறுமணம், நறும்புகை என்ற வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் மூன்று விதத்தில் தவறுகிறது. பட்டை என்று நாம் சமையலில் போடும் இலவங்கப்பட்டையும் ஒரு மரத்தின் மணமுள்ள தோல்தான். ‘நறுந்தோல்’ அதற்கும் பொருந்தும், எலுமிச்சையைத் தனித்துக் காட்டாது. அடுத்து, வெள்ளை அடுக்கை விலக்க வேண்டும் என்னும் முதன்மையான செய்தி அதில் இல்லை. ‘தோல்’ என்பதில் இருந்த ஓட்டையை அழகான துணியால் மூடியிருக்கிறது, அவ்வளவே. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பழத்தின் ஒரு பகுதிக்கான பெயர். ஜெஸ்ட் என்பதோ பகுதி மட்டுமன்று, அந்தப் பகுதியைச் சீவியோ துருவியோ எடுத்த பின் கையில் கிடைப்பது. ஆங்கிலத்தில் அதையே வினையாகவும் ஆள்கிறார்கள். ‘நறுந்தோல், 1 தேக்கரண்டி’ என்றால் துண்டாகவா, பொடியாகவா, காயவைத்தா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நண்பரோ, வழக்கத்துக்கு வந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்கிறார். வழக்கத்துக்கு வருவதற்கு முன் படிப்பவர் என்ன செய்வார் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. புதுச்சொல் ஆக்குவோர் பலரும் தங்கள் சொல்லை மாலை சூட்டி மேடையில் ஏற்றிப் பார்க்கிறார்களே ஒழிய, அதைக் கையில் மாவு ஒட்டியிருக்கும் ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பதில்லை.

நான் பயன்படுத்துவது ‘மேல்தோல் துருவல்’. ‘மேல்’ என்பது உள்ளே இன்னொன்று இருக்கிறது, அது வேண்டாம் என்று உணர்த்துகிறது. ‘துருவல்’ தேங்காய்த் துருவல், காரட் துருவல் என்று எல்லார் வீட்டிலும் புழங்குவது. கருவியையும் செயலையும் கிடைக்கும் வடிவத்தையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. இரண்டு சொற்களாக நீள்கிறதே என்பது குறையன்று. தேங்காய்ப்பாலும் இரண்டு சொற்கள்தான். பானத்தில் மிதக்கவிட நீளமாக எடுக்கும் இழைகளையும் ஆங்கிலத்தில் ஜெஸ்ட் என்றே சொல்கிறார்களே என்றால், அதற்கு ‘மேல்தோல் சீவல்’ இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு சொல் இருக்கும் இடத்தில் நமக்கு இரண்டு இருப்பது வசதியே. உருண்டைக்குச் சீவல் உதவாது, வாயில் நாராக நெருடும், துருவலே வேண்டும். உரி என்னும் வினை இங்கே எதற்கும் ஆகாது, உரித்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்தே வரும்.

மொழிபெயர்ப்பவர் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார். மேலை நாட்டுச் செய்முறை சொல்லும் பழம் பெரும்பாலும் தடித்த தோலும் நீள்வடிவும் உடைய லெமன். நம் சந்தையில் எலுமிச்சை என்று விற்பதும், ஈழத்தில் தேசிக்காய் என்பதும் உருண்டையான, மெல்லிய தோலுள்ள வேறோர் இனம். அதை இரண்டு முறை துருவியில் இழுத்தால் வெள்ளை தெரிந்துவிடும். லெமனில் கிடைக்கும் அளவு ஒருநாளும் கிடைக்காது. ‘ஒரு எலுமிச்சையின்’ என்பதை அப்படியே வைக்காமல், இரண்டு அல்லது மூன்று பழம் என்று மாற்றி எழுதுவதும் மொழிபெயர்ப்பின் பகுதிதான். ஆரஞ்சிலும் இதே சிக்கல் உண்டு: தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சைத் துருவியில் வைத்தால் தோல் வழுக்கி நழுவும்; தோல் இறுகிய வகையே துருவ ஏற்றது. நாரத்தையின் தடித்த தோலைத் துருவிப் பார்த்தவர்கள் லெமனைத் தேடிப் போக மாட்டார்கள்.

நாரத்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்பில் வைக்காமல் எலுமிச்சை இனத்தின் மண எண்ணெயை உருண்டைக்குள் அடைப்பது நமக்குப் புதிதன்று. நாரத்தை, எலுமிச்சை இலைகளை நரம்பு நீக்கி, மிளகாய், ஓமம், புளி, உப்பு சேர்த்து இடித்து உருட்டி வைக்கும் வேப்பிலைக்கட்டி அதுதான். அதில் வேப்பிலை இல்லை என்பதைக் கொண்டு, பெயர் பொருளோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்று நண்பர் வாதிட்டுப் பார்த்தார். பல தலைமுறைகளாகச் செய்து பழகியவர்களின் பெயர் அது. அவர்களுக்குச் செய்முறையைப் பெயரிலிருந்து அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

இச்செய்முறைகளில் வரும் மற்ற மொழிபெயர்ப்புகளையும் சொல்லாமல் விட முடியவில்லை. உருண்டை என்று எள்ளுக்கும் பொரிக்கும் பொட்டுக்கடலைக்கும் சொல் வைத்திருக்கும் மொழியில், ‘புரதப் பந்துகள்’, ‘ஆற்றல் பந்துகள்’ என்று எழுதுகிறார்கள். பந்தை யாரும் தின்பதில்லை. ‘சுடாத சிற்றுண்டி’ என்பதும் அப்படியே: தோசையும் பணியாரமும் மட்டுமல்லாமல் எண்ணெயில் பொரிக்கும் வடையையும் ‘சுடும்’ தமிழில், ‘சுடாத’ என்றால் எதை விலக்குகிறோம் என்று விளங்காது. அவன் வேண்டாம் என்பதே செய்தி என்றால் ‘அவன் இல்லாமல்’ என்று எழுதலாம்; அடுப்பே வேண்டாம் என்றால் ‘அடுப்பில்லாமல்’ என்று எழுதலாம். சமையல் குறிப்பை மொழிபெயர்க்க மொழியறிவோடு ஒருமுறையாவது அந்தப் பண்டத்தைச் செய்து பார்த்த அறிவும் வேண்டும். பக்கக் கணக்கில் கூலி கொடுத்து மறுநாளே கேட்பவர்கள் அதற்கு நேரம் விடுவதில்லை என்பதால், முழுப் பழியையும் மொழிபெயர்ப்பாளர் மேல் போடவும் மனம் வரவில்லை.

மேற்சொன்ன சொற்களைக் கொண்டு எழுதினால் ஒரு குறிப்பு இப்படி வரும். பொட்டுக்கடலை 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம் இரண்டையும் பொடித்துக்கொள்ளவும். மெழுகு பூசிய பழமாக இருக்கலாம் என்பதால் ஆரஞ்சை வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து, நறுக்குவதற்கு முன்பே நுண்துருவியில் வைத்து, வெள்ளை தெரியாதவாறு பழத்தைத் திருப்பித் திருப்பி, மேல்தோல் துருவல் 2 தேக்கரண்டி எடுக்கவும். துருவலை ஒரு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரையுடன் விரலால் கசக்கினால் எண்ணெய் வெளிவந்து சர்க்கரை ஈரமாகும். அதனுடன் பொடியையும், கொட்டை நீக்கி அரைத்த பேரீச்சம்பழம் 100 கிராமையும், ஆரஞ்சுச் சாறு 1 மேசைக்கரண்டியையும் சேர்த்துப் பிசைந்து 12 உருண்டைகளாகப் பிடிக்கவும்; ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 கிராம் புரதம் இருக்கும். இறுகுவதற்கு அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கவும். மேல்தோல் போன பழம் விரைவில் உலர்ந்து கெட்டியாகிவிடும் என்பதால், மீதிச் சாற்றை அன்றைக்கே பிழிந்துவிடவும்.