ஆகாயத்தாமரைக்குக் கீழே தண்ணீருக்கு என்ன ஆகிறது?

கோலாலம்பூரில் பழைய ஈயக்குட்டைகளுக்கு, அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகளுக்கு, பஞ்சமில்லை. ஜிஞ்சாங், பத்து (Batu) ஆகிய பகுதிகளின் குட்டைகள் இன்று மழைவெள்ளத்தைத் தேக்கி நகரத்தைக் காக்கின்றன. இப்படித் தேங்கிய நீரில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம்தான். நம்மூரில் கெலாடி புந்திங் என்றும் சொல்லும் இந்தச் செடி அமேசான் படுகையிலிருந்து வந்தது. சத்தும் வெயிலும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இருமடங்காகிவிடும்.

வேர்கள் வண்டலைப் பிடித்துவைப்பதால் அடியில் தண்ணீர் தெளிந்தே தெரியலாம். அந்தத் தெளிவை நம்பக்கூடாது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். காற்று மேற்பரப்பை அலைக்கும்போது கொஞ்சம் சேரும். நீருக்குள் இருக்கும் பாசிகள் வெயிலில் கொஞ்சம் தயாரிக்கும். செடி நெருக்கமாகப் படர்ந்தால் காற்றும் படாது, வெயிலும் இறங்காது. சரி, செடியும் ஆக்சிஜன் விடுகிறதே என்றால், இலைகள் நீருக்கு மேலே இருப்பதால் அதில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது. அப்புறம் உதிர்ந்த இலைகளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் தீர்த்துவிடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் விரால் தப்பிக்கும்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது சேறுதான். ஆக்சிஜன் உள்ளவரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் போனதும் இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரைய, பாஸ்பரஸும் நீரில் கலக்கிறது. மேலே தொங்கும் வேர்களுக்கு அதுவே உரம். குட்டையைக் கெடுத்தே செடி தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்கிறது. அழுகிய முட்டை நாற்றமும் அப்போதுதான் கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு.

வேர்களில் இன்னொரு குடித்தனமும் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை இழுக்கும். மேலே வராததால் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தும் பயனில்லை.

களைக்கொல்லி அடித்தால் மொத்தச் செடியும் ஒரே சமயத்தில் நீரிலேயே அழுகி, ஆக்சிஜன் தடாலென்று விழும். வாரிக் கரையேற்றுவதே மேல். செடி உறிஞ்சிய சத்தும் கூடவே வெளியேறும். ஆனால் வாரியதைக் கரையோரத்திலேயே குவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மழை போதும், அந்தச் சத்து மறுபடி குட்டைக்கே வந்துவிடும். சேற்றில் விழுந்த விதைகளும் 15 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். அதனால் சாக்கடை வரத்தை அடைக்காத குட்டையில் எத்தனை முறை வாரினாலும் செடி திரும்ப முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.