மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கும் மனச்சோர்வு

"பீரியட்ஸ் இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது, இது மெனோபாஸாக இருக்காது" என்று ஒதுக்குவதால்தான் பல பெண்களுக்குச் சிகிச்சை தாமதமாகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால்தான் மெனோபாஸ். மனம் தடுமாறுவதோ சில ஆண்டுகள் முன்பே, சுழற்சி முன்பின்னாகும் காலத்திலேயே தொடங்கிவிடலாம். அப்போது ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாகக் குறைவதில்லை. திடீரென ஏறும், திடீரெனச் சரியும். மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையும் அதனால் ஆட்டம் காண்கிறது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் விசாரிக்க வேண்டியது தூக்கம். நள்ளிரவில் மார்பிலிருந்து முகம்வரை சூடு ஏறுகிறது, உடை வியர்வையில் நனைகிறது, சற்று நேரத்தில் குளிரெடுக்கிறது. மாற்றிக்கொண்டு படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. ஒரே இரவில் இரண்டு மூன்று முறை இப்படி என்றால், மறுநாள் எரிந்து விழுவதும் பெயர்கள் மறப்பதும் வியப்பில்லை. இந்த மறதியை டிமென்ஷியா (மூளைத்திறன் குறையும் நோய்) என்று பயப்படும் பெண்கள் நிறைய. பெரும்பாலும் அது அல்ல.

எரிச்சலும் அழுகையும் வந்து போவது வேறு. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்மை, குற்ற உணர்வு, பசியின்மை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 'வயதானால் இப்படித்தான்' என்று தள்ளிப்போடக் கூடாது. உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் பரிசோதிப்பது அவசியம். இந்த வயதில் அதிக உதிரப்போக்கால் வரும் ரத்தசோகையும் சோர்வாகத்தான் தெரியும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஹார்மோன் அளவு பார்ப்பதால் பெரிய பயனில்லை. வாரத்துக்கு வாரம் அது மாறும்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) தூக்கத்துக்கும் மனநிலைக்கும் உதவும். மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் தர 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். பத்தே நாளில் 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஹார்மோன் சிகிச்சை பொதுவாக 60 வயதுக்குள் தொடங்க ஏற்றது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜெனுடன், கருப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டோஜென் ஹார்மோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் மருந்து எடுப்பவர்களுக்குப் பராக்ஸிடின் என்ற மனச்சோர்வு மருந்து ஒத்துவராது.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு மாதத்துக்கு மாதவிடாய்த் தேதி, இரவில் விழித்த நேரம், அன்றைய மனநிலை மூன்றையும் தினம் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தத் தாளை முதலிலேயே அவரிடம் நீட்டுங்கள்.